கம்ப்யூட்டரின் வாயை அடைத்த கதை

மன்னிக்கும் குணம் எனக்குக் கொஞ்சம் கம்மி. என் வீட்டு ஓனர் விஷயத்தில் அது சுத்தமாகவே கிடையாது.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸிலிருந்து நடக்கிற தூரத்தில் அவர் வீடு. கீழே அவரும் அவர் மனைவியும். மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் நான்கு வருடமாக நான், மற்றது பூட்டியே கிடந்தது. கல்யாணமாகாதவனுக்கு இந்த ஊரில் வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அலைந்தவனுக்குத்தான் தெரியும். என் முகத்துக்கு நேரே ஏழு வீட்டுக் கதவு மூடியிருக்கிறது. அதனால் இந்த அறையைப் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்துவைத்திருந்தேன்.

எனக்கென்று இருக்கிற ஒரே ஆடம்பரம் கேம் விளையாடுவதற்காகப் பார்த்துப் பார்த்து வாங்கிய கம்ப்யூட்டர். விடியற்காலையில் ஆன் செய்தால் ஆபீஸ் கிளம்பும்வரை ஓடும். சாயங்காலம் வந்ததும் மறுபடி ஓடும். அதன் ஃபேன் போடும் சத்தம் எனக்குப் பழகிப்போய்விட்டது. வெயில் காலத்தில் மொட்டை மாடியின் சூடும் சேர்ந்துகொண்டால் சத்தம் இன்னும் ஜாஸ்தியாகும்.

அண்ணாமலையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிற ஊர் இது. அவர்களுக்கு அறை விட்டால் நல்ல வாடகை வரும் என்று ஓனருக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. புரிந்த வாரமே வாசலில் ஒரு போர்டு தொங்கியது: ‘தியானத்திற்கு ஏற்ற அமைதியான அறை.’ சென்னையில் வங்கி வேலையை விட்டுவிட்டு வந்த ஓர் அம்மா பக்கத்து அறைக்குக் குடிவந்தார். மூன்றாம் நாள் ஓனர் மாடியேறி வந்தார்.

“தம்பி, உன் மெஷின் மாவு மில்லு கணக்கா ஓடுது. பக்கத்துல அந்தம்மா தியானம் பண்ண வந்திருக்காங்க. அடுத்த பௌர்ணமிக்குள்ள சத்தம் நிக்கணும். இல்லன்னா வேற வீடு பாத்துக்கப்பா.”

“நாலு வருஷமா ஓடுதே சார்?”

“அப்போ பக்கத்துல ஆள் இல்ல. முப்பத்திரண்டு வயசாவுது, இன்னும் பொம்மைய சுட்டுக்கினு இருக்க. உனக்கு எவன் பொண்ணு குடுப்பான்?”

கடைசி வாக்கியத்தைப் பக்கத்து அறைக்குக் கேட்கும்படிதான் சொன்னார். காலி செய்யச் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். இதற்கு மட்டும் என்றைக்காவது பதிலடி உண்டு என்று கறுவிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரைத் தரையில் இறக்கி வைத்துப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. காற்றை உள்ளே இழுக்கிற முன்பக்கச் சல்லடையில் சந்தனம் கெட்டியாகக் காய்ந்து பாதித் துளைகளை அடைத்திருந்தது. மேலே குங்குமம் வேறு. வைத்தவர் ஓனரேதான். போன ஆயுத பூஜைக்குத் தட்டோடு வந்து, என் பைக்குக்கு வைத்த கையோடு, “இதுவும் ஆயுதந்தான் தம்பி” என்று உள்ளே நுழைந்து தாராளமாக அப்பிவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பண்டிகை நாளில் என்னையும் ஓர் ஆளாக நினைத்தாரே என்று அவர் கொடுத்த பொரியை வாங்கிக்கொண்டேன். அவர் அடைத்த மூச்சுக்காகத்தான் இன்று என்னை வெளியே போகச் சொல்கிறார்!

நியாயமாகச் சொன்னால் அவர் பங்கு கால்வாசிதான். மிச்சம் என் தப்பு. சுவரில் பதித்த கடப்பாக் கல் அலமாரிக்குள் கம்ப்யூட்டரைத் திணித்திருந்தேன். அது துப்பிய சூட்டையே அது திரும்பக் குடித்தது. அதன் அதிர்வு கல்லில் ஏறி, சுவர் வழியாகப் பக்கத்து அறைக்குப் போனது. இதை ஓனரிடம் ஒருநாளும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

சந்தனத்தை ஈரத்துணியால் ஊறவைத்துக் குச்சியால் நோண்டி எடுத்தேன். உள்ளே ஃபேன்களில் அடை மாதிரி படிந்திருந்த தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினேன். சூட்டைக் கடத்துவதற்குப் பிராசஸர் மேல் தடவுகிற பசை சுண்ணாம்பாகக் காய்ந்துபோயிருந்தது. ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தேன். பஞ்சர் கடையில் வாங்கிய பழைய சைக்கிள் டியூபை வெட்டி, ஃபேனுக்கும் பெட்டியின் தகரத்துக்கும் நடுவில் கொடுத்தேன். அலமாரிக்குப் பதில் மரப் பலகை, அதன் அடியிலும் ரப்பர். கடைசியாக செட்டிங்கில் கை வைத்தேன். திரை காட்டக்கூடிய அளவுக்கு மேல் படம் வரையாதே என்று கட்டுப்படுத்தினேன். சின்னச் சூட்டுக்கெல்லாம் பதறிச் சுற்றாமல் ஃபேன் மெதுவாக வேகமெடுக்கும்படி மாற்றினேன். எண்பத்தாறு டிகிரியில் கொதித்தது எழுபதுக்கு இறங்கியது. ஓடுகிறதா என்று குனிந்து விளக்கைப் பார்க்க வேண்டியிருந்தது.

பௌர்ணமிக்கு முதல் நாள் ஓனர் வந்தார். அவர் கண் முன்னால் கேமை ஓடவிட்டேன். அவர் பெட்டியில் காதை வைத்துப் பார்த்தார்.

“ஆஃப் பண்ணி வெச்சிருக்கியா?”

திரையில் இரண்டு பேரைச் சுட்டுக் காட்டினேன். வந்த வழியே படியிறங்கினார். இனிப்பாக இருந்தது. ஆனால் போதவில்லை.

நான்கு நாள் கழித்து வங்கி அம்மா கதவைத் தட்டினார்.

“தம்பி, உங்க மெஷின் ரிப்பேரா?”

“இல்லைங்க, சத்தத்த நிறுத்திட்டேன். உங்களுக்கு இனிமே தொந்தரவு இருக்காது.”

அவர் முகம் வாடிவிட்டது. “நான் ஒருநாளும் குறை சொல்லலையே. அது ஓடுற வரைக்கும் வேற எதுவும் காதுல விழல. இப்ப கண்ணை மூடினா வீட்டுக்காரர்தான் கேக்கறார். விடியகாலைல தொண்டைய காறுறது, ஸ்பீக்கர்ல போட்டுப் பேசறது, காப்பிக்கு அவர் வீட்டம்மாவத் திட்டறது. அவர் மச்சானோட நிலத் தகராறு எனக்கு மனப்பாடம்.” கொஞ்சம் தயங்கினார். “காலைல ஒரு மணி நேரம் பழையபடி ஓட விடுவீங்களா?”

மவுஸில் ஒரு அழுத்து போதும், விட்டிருக்கலாம். அவர் எனக்கு எந்தக் கெடுதலும் செய்யாதவர். ஆனால் அவர் போனால் அந்த அறை காலியாகும், ஓனருக்கு வாடகை போகும் என்ற எண்ணம் அதற்குள் என் மண்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

“முடியாதுங்க. பழைய ஃபேன கழட்டிப் போட்டுட்டேன்” என்று கூசாமல் பொய் சொன்னேன்.

மாதம் முடிவதற்குள் அடி அண்ணாமலைப் பக்கம் வயலோரமாக ஓர் அறை பார்த்துக்கொண்டு அவர் கிளம்பினார். ஏன் போகிறீர்கள் என்று படியில் வைத்து ஓனர் கேட்டார். “உங்க சத்தந்தாங்க தாங்கல” என்றார் அவர். நான் கதவுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு எழுத்தையும் ருசித்துக் கேட்டேன். வயிறு குளிர்ந்தது. அடுத்து வந்த இரண்டு பேரும் அதே காரணத்துக்காகக் காலி செய்தார்கள். போர்டு வெயிலில் வெளுத்தது.

அப்போதிலிருந்து மாடியில் நான் மட்டும்தான். என் கம்ப்யூட்டர் மூச்சுவிடாததால் கீழே நடப்பதெல்லாம் படிக்கட்டு வழியாக என் அறைக்கு வருகிறது. “உன்னாலதான்டி மூணு பேரும் போனாங்க. பாத்திரத்த அந்தப் போடு போட்டா எவன் இருப்பான்?” என்று தினமும் காலையில் மனைவியைத் திட்டுகிறார். பாத்திரச் சத்தம் எதுவும் எனக்குக் கேட்டதில்லை. அவர் மனைவியின் குரலும் கேட்டதில்லை. ஒருநாள் மட்டும் மூக்கை உறிஞ்சியது கேட்டது.

நான் அவருக்கு வைத்த அடி அவர் மனைவி மேல் விழுந்திருக்கிறது. அது நன்றாகத் தெரிகிறது, நெஞ்சை அறுக்கிறது. கீழே போய், “மூணு பேரும் போனது உங்களாலயும் என்னாலயும்தான், இவங்களால இல்ல” என்று சொல்லத்தான் வேண்டும். சொன்னால் என் பெட்டி அன்றைக்கே தெருவுக்கு வந்துவிடும். ஃபேன் வேகத்தைக் கூட்டினாலாவது எனக்குக் காதில் விழாது. கூட்டினால் அவர் மறுபடி மாடியேறி வந்து அதே குரலில் கெடு வைப்பார், நான் தோற்றதாக ஆகிவிடும். அதனால், கேட்காமல் தப்பிக்கவாவது கூடாது என்று, கேமுக்கு மாட்டுகிற ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அவர் திட்டி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.