பளிங்கு மூளை

மாமாவின் மகனான மச்சானின் மூளையை நான் முதலில் பார்த்தது கொழும்பு வெள்ளவத்தையில், கடல் பக்க ஜன்னல் வெளிச்சத்தில். ஸ்கான் படத்தை மாமா உயர்த்திப் பிடிக்க, குடும்பமே கூடி நின்று பார்த்தது. எனக்கு அது பாதியாக வெட்டிய பூக்கோவா, அதாவது காலிஃபிளவர் போலத் தெரிந்தது. நாலு புத்தகம் வாசித்தவன், பத்திரிகைக்கு நகைச்சுவை எழுதுகிறவன் என்ற மரியாதையைக் காப்பாற்றத் தலையை ஆட்டிவைத்தேன்.

பல்கலைக்கழகம் போய்க்கொண்டிருந்த மச்சான், மின்விசிறி தன்னைத் திட்டுகிறது என்று அதை நிறுத்திவிட்டு வியர்வையில் கிடந்த காலம் அது. வைத்தியர் குளிசை கொடுத்தார். கட்டி ஏதும் உண்டா என்று பார்க்கவே படம் எடுக்கச் சொன்னார். கட்டி இல்லை. "படத்தில ஒண்டும் இல்லை" என்று அவர் சொன்னதோடு மாமாவின் காது மூடிக்கொண்டது. மனச்சிதைவு என்னும் இந்த நோயின் தொடக்கத்தில் மூளையின் சாம்பல் நிறப் பகுதி சற்று மெலியலாம், உள்ளேயிருக்கும் நீரறைகள் சற்று விரியலாம். ஆனால் பலருடைய படங்களைச் சேர்த்து ஒப்பிட்டால்தான் அது புலப்படும், ஒருவனின் படத்தை வைத்து நோயில்லை என்று சொல்ல முடியாது என்று அவர் பொறுமையாக விளக்கியதெல்லாம் சுவருக்குத்தான்.

அன்றிலிருந்து அந்தப் படம் குடும்பத்தின் நற்சான்றிதழ். மச்சானின் தங்கையைப் பெண் பார்க்கக் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தவர்களுக்கு, வடைக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே மாமி அதை எடுத்து நீட்டினார்.

"பாருங்கோ, மூளை பளிங்கு மாதிரி. பிள்ளை படிச்சுக் களைச்சுப் போனான், அவ்வளவுதான்."

மாப்பிள்ளையின் தாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஓம், வடிவாத்தான் இருக்கு."

தமையனின் மூளையைப் பார்த்துத் தங்கையை நிச்சயித்த சம்பந்தம் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

குளிசையும் நின்றது. "வருத்தம் இல்லாதவனுக்கு ஏனடா மருந்து? சனம் கண்டா என்ன நினைக்கும்?" என்றார் மாமா. நான் சண்டை பிடித்தேன். "நீ பகிடி எழுதுறவன். பேசாமல் இரு" என்றார். கலியாணத்தன்று அந்தப் பளிங்கு மூளைக்காரனை அறைக்குள் பூட்டிவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போனார்கள். பிறகொரு மழைக்காலத்தில், ரயில் பாதையில் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தவனை ஒரு மீன்காரர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அதற்குப் பிறகே மருந்து மறுபடி தொடங்கியது. முளையிலேயே பிடித்திருக்கக்கூடிய காலத்தை நாங்கள் கலியாணத்துக்குச் செலவழித்திருந்தோம். படிப்பு திரும்பவேயில்லை.

இப்போதும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் மாமா சொல்கிறார்: "படம் நல்லாத்தானே இருந்தது. இந்தக் குளிசைதான் பிள்ளையைக் கெடுத்தது."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பக்கத்தில் இருக்கும் மச்சான் அந்தக் குளிசையை விழுங்கி, தண்ணீரைக் குடித்துவிட்டு, "ஓம் அப்பா" என்பான். அந்த வீட்டில் நிதானத்தோடு இருக்கும் ஒரே ஆள் அவன்தான்.