சூடேறிய விபூதி வாசம்

ஆயுத பூசைக்காகப் பரணைத் துடைத்தபோது அண்ணனின் பழைய கம்ப்யூட்டர் பெட்டிகள் இரண்டும் கிடைத்தன. மூடியைக் கழற்றியதும் தூசியோடு விபூதி வாசம் எழுந்தது. பாலக்கோட்டில் அண்ணன் வைத்திருந்த கம்ப்யூட்டர் சென்டர் இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். அங்கே தினமும் காலையில் இரண்டு பெட்டிக்கும் விபூதி பூசி, கையில் மிஞ்சியதை "முருகா" என்று பெட்டிக்குப் பின்னால் சுற்றும் காற்றாடிப் பக்கம் ஊதிவிடுவான், பெட்டி சூடேறச் சூடேற அந்தச் சின்ன அறை கோயிலாக மணக்கும். "இப்படி ஊதுனா கெட்டுப்போயிருங்க" என்று ரிப்பேர்காரர் திட்டியும் விடவில்லை.

ஒன்று பென்டியம் த்ரீ, முனகிக்கொண்டே மெதுவாக ஓடும். மற்றது பென்டியம் ஃபோர், பறக்கும், ஆனால் சூடு தாங்காமல் பாதியில் அணைந்துவிடும்.

"நீ த்ரீடா, சோம்பேறி. உங்கண்ணன் ஃபோரு!" என்று அண்ணன் என் தலையில் தட்டுவான்.

முப்பது வயதில், ஒரு மத்தியானம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சென்டரில் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே அண்ணன் போய்விட்டான்.

"ஏங்க, எதைங்க பழைய இரும்புக்குப் போடறது?" என்றாள் மனைவி.

"ரெண்டுக்கும் பொட்டு வை, இருக்கட்டும்."

நான் விபூதி பூசினேன். கையில் மிஞ்சியதை ஊத வாயருகே கொண்டுபோனேன், மூச்சு வரவில்லை.