அங்கிளின் அரிய பம்பிள்பீ

வோபர்னில் எங்கள் பக்கத்து வீட்டு அங்கிள் இன்று பின்னேரம் வேலிக்கு மேலால் போனை நீட்டினார். படத்தில், அவருடைய பூசணிப்பூவில் ஒரு குண்டு பம்பிள்பீத் தேனீ. முதுகில் துருநிறத் திட்டு.

“அரிய இனமா இருக்கலாமாம். இன்னும் தெளிவான படம் வேணுமெண்டு பூச்சி பாக்கிற அப் சொல்லுது.”

“இப்ப எங்கை அங்கிள் அது?”

“பிறீசருக்கை. குளிரிலை அசையாது எண்டு யூடியூப்பிலை சொன்னவங்கள்.”

“எப்ப வைச்சனீங்கள்?”

“காலமை.”

உள்ளே போய், விளைமீன் பைக்குப் பக்கத்தில் இருந்த ஜாம் போத்தலை எடுத்து வந்தார். பம்பிள்பீ கல்லுப்போலக் கிடந்தது. அதை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டி, திருப்பித் திருப்பிப் படம் எடுத்தார். அசையவேயில்லை என்று அவருக்கு ஒரே சந்தோசம்.

அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டுத்தோட்டக் குழுவில் கிடக்கிறது. “எங்கடை வளவிலை அரிய உயிரினம். பாதுகாப்போம்” என்று எழுதியிருக்கிறார். கீழே முழுக்கக் கைதட்டல்.

பாதுகாப்பாகத்தான் இருக்கிறது. படம் எடுத்து முடிந்ததும் அதைப் போத்தலில் போட்டு, திரும்பவும் விளைமீனுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்.

உங்கள் வீட்டுப் பிறீசர்களில் என்னென்ன அரிய உயிரினங்களைப் பாதுகாக்கிறீர்கள் என்று நீங்களும் கீழே எழுதுங்கள்.