இருபத்தோரு போன்களுக்கு ஒரே விரல்

பேருந்துப் பணிமனையின் கருவி அறைக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. துருவி என்றால்தான் தெரியும். ஸ்பானர் கேட்டு வருகிறவனிடம் எந்த வண்டிக்கு, என்ன கோளாறு, போன வாரம்தானே அந்த நட்டை மாற்றினாய், மறுபடி ஏன் கழன்றது என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டுத்தான் எடுத்துக் கொடுப்பார். அவசரத்தில் வருகிறவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அந்தக் கேள்விகளால் இரண்டு முறை பிரேக் கோளாறு முன்கூட்டியே பிடிபட்டிருந்ததால், பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்வார்கள்.

ஒரு காலத்தில் அவரும் மெக்கானிக்தான். ஜாக்கி நழுவி முழங்கால் நசுங்கிய பிறகு ஃபோர்மேன் அவரை ஸ்டூல் போட்டுக் கருவி அறையில் உட்கார வைத்தார். "இதைவிட லேசான வேலை இங்க கிடையாதுண்ணே" என்றார். அந்த ஒரு வாக்கியம் துருவியின் மனத்தில் முள்ளாகத் தங்கிவிட்டது. இதற்குக் கீழே படி கிடையாது, அடுத்தது வீடுதான் என்று அவர் எடுத்துக்கொண்டார். யாரையும் எதையும் கேட்க வழியில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. முதல் மாடி திருப்பத்தில் நின்று அறிவிப்புப் பலகையைப் படிப்பார். இரண்டாவதில் மின்சார மீட்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, யார் வீட்டுச் சக்கரம் வேகமாகச் சுற்றுகிறது என்று ஆராய்ச்சி செய்வார். மூன்றாவதில் எதிர்வீட்டுத் தொட்டிச் செடியைத் தடவிப் பார்ப்பார். புதிதாகக் குடிவந்தவர்கள், மனிதருக்கு எதிலும் என்ன ஒரு ஆர்வம் என்று வியந்தார்கள். அவர் மனைவி மட்டும் வியக்கவில்லை. போன வருஷம் வரை அந்த மனிதர் எந்தத் திருப்பத்திலும் நின்றதில்லை என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் செயலி வந்து சேர்ந்தது. ஊழியர்களின் மன அழுத்தத்தைக் குறைப்பதற்காக நிர்வாகம் ஒன்றை வாங்கி எல்லோருடைய ஸ்மார்ட்போனிலும் ஏற்றிவிட்டது. தினமும் காலை எட்டு மணிக்கு மணியடிக்கும். ஐந்து முகங்களைக் காட்டி, இன்று உங்கள் முகம் எது என்று கேட்கும். பிறகு கேமரா மேல் விரலை ஒரு நிமிடம் வைத்தால் நாடித் துடிப்பைப் பதிந்துகொள்ளும். முடிவு நலப் பிரிவுக்குப் போய்விடும். நமக்கு ஒரு பூப்படமும் நன்றியும் கிடைக்கும். பதில் போடாவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மறுபடி மணி.

பணிமனைக்குள் போன் எடுத்துப்போகக் கூடாது என்பது விதி. ஏழு மணிக்கே எல்லோரும் துருவியின் ஜன்னலில் போனைக் கொடுத்து, எண் போட்ட வில்லையை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்துவிடுவார்கள். ஆகவே எட்டு மணிக்கு இருபத்தோரு போன்களும் அவருடைய தகரத் தட்டில் ஒன்றாக அலறின. முதல் நாள் அவர்களையே கூப்பிட்டார். வந்தார்கள், கிரீஸ் விரலை வைத்தார்கள். விரலைச் சுத்தமாக வைக்கவும் என்றது செயலி. கேமராக்கள் கறுத்ததுதான் மிச்சம். அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். போன்கள் விடவில்லை. மன அமைதிக்கென்று வந்த சாமான், பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் அவர் உயிரை வாங்கியது.

மூன்றாம் நாள் அவரே ஒரு முடிவுக்கு வந்தார். பணிமனையில் சுத்தமான கை அவருடையது ஒன்றுதான். போன்களின் பூட்டு எண்களைக் கேட்டு வாங்கினார். பாதிப் பேருக்குக் கல்யாணத் தேதி, மீதிப் பேருக்கு ஒன்று இரண்டு மூன்று நான்கு. எட்டு மணிக்கு வரிசையாக இருபத்தோரு கேமராவிலும் தன் ஆள்காட்டி விரலையே வைத்தார். சத்தம் ஓய்ந்தது. அவரிடம் இருந்தது பட்டன் போன் என்பதால், அவர் பெயர் அந்தச் செயலியிலேயே இல்லை.

முகத்தை மட்டும் அவர் இஷ்டத்துக்குப் போட மனம் வரவில்லை. துடிப்பு யாருடையதாக இருந்தால் என்ன, முகமாவது அவரவருடையதாக இருக்க வேண்டாமா என்பது அவர் நியாயம். அதனால் காலையில் போனை வாங்கும்போதே கேட்டுவிடுவார்.

"இன்னிக்கு என்ன முகம்?"

"ரெண்டாவது போடுங்கண்ணே" என்பான் பெயின்டர். இரண்டாவது என்றால் வாய் கோணிய முகம்.

"நேத்து நாலாவது சொன்னியே. ஒரே ராத்திரியில ஏன் இறங்கிட்ட?"

"பொண்ணு பேச மாட்டேங்குதுண்ணே. பரீட்சையில ஃபெயில் ஆனதுக்குக் கை நீட்டிட்டேன்."

"அடிச்சா பாஸாயிடுமா? ஏன்டா அப்படிப் பண்ணே?"

பெயின்டர் நின்று சொல்லிவிட்டுத்தான் போவான். டயர்க்காரர் மாமியார் கதையைச் சொன்னார். வெல்டர் தன் தூக்கமில்லாத கதையைச் சொன்னார். செயலியில் மூச்சுப் பயிற்சி, மழைச் சத்தம், அருவிச் சத்தம் எல்லாம் இருந்தன. ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. ஆனாலும் ஒரு மாதத்தில் வாய் கோணிய முகங்கள் குறைந்துதான் போயின. "இந்த ஆப் பரவாயில்லண்ணே, நல்லாத்தான் வேலை செய்யுது" என்று பெயின்டரே ஒருநாள் சொன்னான்.

மறுவாரம் நலப் பிரிவிலிருந்து நர்ஸம்மா வந்தார். கருவி அறைக்குப் பக்கத்தில்தான் ஃபோர்மேன் அறை, நடுவில் வெறும் பலகைச் சுவர். ஃபோர்மேனிடம் நர்ஸம்மா சொன்னது துருவிக்கு அப்படியே கேட்டது.

"ஒருத்தர் விடாம இருபத்தோரு பேருக்கும் துடிப்பு ஒழுங்கில்ல. தாறுமாறா ஓடுது. இதை நான் எங்கயும் பார்த்ததில்ல. இங்க காத்துல ஏதோ இருக்கு சார். பெயின்ட் புகையாத்தான் இருக்கும்."

அதைக் கேட்டதும் துருவிக்குக் குஷியாகிவிட்டது. எல்லோருக்கும் ஒரே மாதிரி ஏன் என்று யோசிக்க ஆரம்பித்தார். ஐந்து விநாடி யோசித்திருப்பார். துடைத்துக்கொண்டிருந்த ஸ்பானர் கையிலேயே நின்றது. தன் ஆள்காட்டி விரலைத் திருப்பிப் பார்த்தார். மாடித் திருப்பங்கள் மூன்றும் நினைவுக்கு வந்தன.

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதயம் சரியில்லாதவனுக்கு இதைவிட லேசான வேலை எங்கே இருக்கிறது? அதோடு இருபத்தோரு பேருடைய பதிவில் விரலை நீட்டியவன் என்றும் ஆகும். நேராக வீடுதான். பெயின்ட் கொட்டகையைப் பூட்டிச் சாவியை ஃபோர்மேன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தார். பெயின்டர் வாசல்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். துருவிக்கு அவனைப் பார்க்கவே கூசியது.

நர்ஸம்மா விடுகிற ஆள் இல்லை. எல்லோரையும் சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டு வரச் சொல்லி, பையிலிருந்த சின்ன கிளிப்பை ஒவ்வொரு விரலிலும் மாட்டிப் பார்த்தார். டயர்க்காரர் சரி. வெல்டர் சரி. பெயின்டர் நூற்றுக்கு நூறு சரி. இருபத்தோரு பேருக்கும் கடிகாரம் மாதிரி ஓடியது.

"அப்போ ஆப்லதான் கோளாறு" என்று அவர் நோட்டை மூடினார். "அப்படியே எழுதிடறேன். கொட்டகையைத் திறந்துடுங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். துருவி தப்பித்தார். இனி கேட்பார் இல்லை. பெயின்டருக்கு வேலை இருக்கிறது, அவருக்கும் ஸ்டூல் இருக்கிறது. சும்மா இருந்தால் போதும்.

ஆனால் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. வாழ்நாள் முழுவதும் ஏன் ஏன் என்று ஊரைத் துளைத்தெடுத்த மனிதர் அவர். தப்பான விடையை ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போகிறார் என்பது அவருக்குப் பொறுக்கவில்லை. பயமும் இருந்தது. அதைவிட, உள்ளே அப்படி என்னதான் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை இருந்தது. கருவி அறைக் கதவைத் திறந்துகொண்டு நொண்டி நொண்டி வெளியே வந்தார்.

"மேடம், ஆப் மேல பழி போடாதீங்க. அது சரியாத்தான் சொல்லியிருக்கு. ஆளைத்தான் மாத்திச் சொல்லிடுச்சு."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவர் விரலை நீட்டினார். நர்ஸம்மா கிளிப்பை மாட்டினார். அதன் பீப் சத்தம் ஒன்று வந்தது, பிறகு இரண்டு சேர்ந்து வந்தன, கொஞ்ச நேரம் ஒன்றையும் காணோம், பிறகு மூன்று அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தன.

"இருபத்தோரு பேருக்கும் நீங்களா வச்சீங்க?" ஃபோர்மேன் கோபமாகத்தான் ஆரம்பித்தார். அந்தப் பீப் சத்தத்தைக் கேட்டதும் குரல் இறங்கிவிட்டது.

"படியேறினா மூச்சு வாங்குதா?" என்றார் நர்ஸம்மா.

"வாங்கும்."

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷம் இருக்கும்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

ஊருக்கெல்லாம் ஏன் போட்டவர், அந்த ஒரு ஏனைக் கேட்டதும் விரலிலிருந்து கிளிப்பைக் கழற்றப் பார்த்தார்.

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போயிருக்கக்கூடும் என்று டாக்டர் சொன்னார். கட்டிலுக்குப் பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தார்.

"மீட்டரைப் பாக்கிறேன்னு நின்னீங்களே, அப்பவே எனக்குத் தெரியும்" என்றார். "கேட்டா எரிஞ்சு விழுவீங்களேன்னு நானும் வாயை மூடிக்கிட்டிருந்தேன். கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தாலும் மீட்டர் கதைதான் சொல்லியிருப்பேன்" என்றார் அவர். அந்த அம்மா சிரிக்கவும் செய்தார், அழவும் செய்தார்.

ஆறு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினார். வீட்டுக்கு அனுப்பும் கடிதம் தயாராக இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தார். கருவி அறையில் ஸ்டூலுக்குப் பதில் சாய்மானம் வைத்த நாற்காலி கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே புதிதாக ஒரு குழாயும் சோப்புத் தட்டும் வைத்திருந்தார்கள். எட்டு மணிக்கு இருபத்தோரு பேரும் வந்து கைகழுவி, தங்கள் தங்கள் விரலைத் தங்கள் தங்கள் போனில் வைத்தார்கள். தட்டில் இருபத்திரண்டாவதாக ஒரு பழைய ஸ்மார்ட்போன் மிச்சமிருந்தது. பெயின்டர் தன்னுடைய பழைய போனைத் துடைத்து, அதில் அவர் பெயரைச் சேர்த்துக் கொண்டுவந்திருந்தான்.

துருவி போனைக் கையில் எடுத்தார். ஐந்து முகங்கள் தெரிந்தன. வாய்நிறையச் சிரிக்கும் ஐந்தாவது முகத்தின் மேல் விரல் போயிற்று.

"அண்ணே, இருங்க" என்றான் பெயின்டர். ஜன்னல் கட்டையில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டான். "இன்னிக்கு என்ன முகம்?"

இத்தனை நாளில் அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவர் விரலை எடுத்தார்.

"ரெண்டாவது போடுடா" என்றார். "கொஞ்சம் பயமா இருக்கு."

"ஏன்?" என்றான் பெயின்டர். அவன் பின்னால் வரிசையில் நின்ற இருபது பேரும் ஈரக்கையோடு பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.