இறக்கத்தில் அணைத்த எஞ்சின்

பிரேக்கை மிதித்தேன். கல்லை மிதித்த மாதிரி இருந்தது. மறுபடி மிதித்தேன், மிதி அசையவில்லை, வண்டியும் நிற்கவில்லை. ஜீப்புக்குள் என் மனைவி எஸ்தரோடு சேர்த்துப் பதினொரு பெண்கள். ஒரு பக்கம் பள்ளம். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

நான் போடியில் ஜீப் ஓட்டுகிறவன். குரங்கணிக்கு மேலே, அந்தக் காலத்தில் தேயிலைப் பெட்டிகள் இறங்கிய பழைய மலைப்பாதைதான் என் பிழைப்பு. காப்பிப் பழம் எடுக்கப் போகிற பெண்களைக் காலையில் ஏற்றிப்போய், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவேன். கல் குறைந்த இறக்கத்தில் எஞ்சினை அணைத்து வண்டியைச் சும்மா உருள விடுவது எங்கள் டிரைவர்களுக்குள் ஒரு பவுசு. டீசலும் மிச்சம். முன்சீட்டில் உட்காரும் செல்லத்தாயி அக்கா தினமும் சண்டைக்கு வருவார்.

“எஞ்சின அமத்துனா பிரேக்கு பிடிக்காதுன்னு மெக்கானிக்கு சொன்னாகள்ல? கேக்குறியாலே?”

“பதினெட்டு வருச சர்வீசுக்கா, பேசாம வாங்க” என்று வாயை அடைத்துவிடுவேன்.

போன பழ சீசனில் ஒரு வியாழக்கிழமை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. இறக்கத்தில் வழக்கம்போல எஞ்சினை அணைத்தேன். நாலைந்து மிதியிலேயே பிரேக் மிதி இறுகிவிட்டது, வண்டி வேகம் எடுத்தது. ஹேண்ட் பிரேக் எப்போதோ செத்துப்போயிருந்தது. தெரிந்த தொழிலெல்லாம் மறந்துபோனது. “ஏசப்பா, என்ன செய்யணும்னு சொல்லும்!” என்று கத்தினேன். அவ்வளவுதான் என் ஜெபம்.

தோளில் ஓங்கி ஓர் அடி விழுந்தது. “ஏலே ஜேக்கபு, சாவியத் திருப்புலே! கியர்ல போடுலே!” செல்லத்தாயி அக்காதான்.

திருப்பினேன். மூன்றாவது கியரில் தள்ளி கிளட்சை விட்டேன். எஞ்சின் உறுமிப் பிடித்தது. வேகம் தணிந்தது, பிரேக் இளகியது. வளைவுக்கு முன்னால் மலையோரம் உரசி நிறுத்திவிட்டு, மண்ணில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். எஸ்தர் என் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா கும்பிடுவது வேறு சாமி. “கத்துனது நானு, பேரு ஒங்க ஏசுவுக்கா?” என்று இன்றும் கேலி செய்வார். “ஒங்க வாயாலதான் சொன்னாருக்கா” என்பேன். இரண்டு பேரும் சிரிப்போம்.

இப்போதெல்லாம் குரங்கணி வந்து சேரும்வரை எஞ்சினை அணைப்பதில்லை. ஹேண்ட் பிரேக்கையும் சரிபண்ணிவிட்டேன். பவுசு போச்சு, மனசு நிம்மதியாக இருக்கிறது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

பிரியமானவர்களே, எந்த இக்கட்டிலும் அவரைக் கூப்பிடுங்கள். கட்டாயம் பதில் தருவார். அது திட்டாக வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.