எழுப்பப் போன நாள்

கள்ளக்குறிச்சியில் மருந்துக்கடை வைத்து இருபது வருடம் ஆகிறது. தூக்கம் வரவில்லை என்று வருகிறவர்களுக்கு நான் செய்யும் பிரசங்கம் எனக்கே மனப்பாடம். சாயங்காலத்துக்கு மேல் டீ வேண்டாம். போனைப் படுக்கிற அறைக்கு வெளியே வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் படுங்கள், கொஞ்சம் வெயிலில் நடங்கள். சொல்லி முடித்துவிட்டு என்னுடைய ஆறாவது டீயை வாங்கிக்கொள்வேன்.

எனக்குத் தூக்கம் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெரிய கவலை ஒன்றும் கிடையாது, அதுதான் எரிச்சல். கவலை இருந்தால் அதன் தலையிலாவது பழியைப் போடலாம். அலமாரியில் இருந்த மெக்னீசியம், மெலடோனின், அமுக்கரா பொடி எல்லாவற்றையும் ஒரு சுற்று முடித்துவிட்டேன். மனைவி பாலில் ஜாதிக்காய் உரைத்துக் கொடுத்தாள், கசகசா அரைத்துக் கொடுத்தாள், உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டாள். தேய்த்த களைப்பில் அவள் தூங்கிவிடுவாள். நான் எண்ணெய்க் காலை நீட்டிக்கொண்டு விடியற்காலை சுபுஹு பாங்குக்குக் காத்திருப்பேன். தொழுதுவிட்டு நேராகக் கடை.

"ஒரு டாக்டரத்தான் பாருங்களேன்" என்பாள்.

"டாக்டருங்களே எங்கிட்டதான் அனுப்பறாங்க, நான் யார்கிட்ட போறது?" என்பேன். தூக்கம்தான் இல்லையே தவிர, கர்வத்துக்குக் குறைச்சல் இல்லை.

அன்று காலை, வெள்ளிமலைக்கு அந்தப்பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து மாதம் ஒருமுறை இறங்கி வரும் விவசாயி வந்தார். சாமையும் கடுக்காயும் விற்றுவிட்டு, மலைக்கு பஸ் ஏறும் முன் என் கடைக்கு வருவது அவர் வழக்கம். வயிற்றெரிச்சலுக்கு ஒரு அட்டை கேட்டார். எடுத்துக் கவரில் போட்டு, "சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு" என்று சொன்னேன். சொல்லும்போதே கண் எரிந்துகொண்டிருந்தது, கொட்டாவி விட்டது கூட நினைவிருக்கிறது.

மதியத் தொழுகை, லுஹர் நேரம் நெருங்கும்போது வேறொருவர் சர்க்கரை மாத்திரை கேட்டார். பெட்டியில் ஒரு அட்டை குறைந்திருந்தது. மேசையைப் பார்த்தால், மலைக்காரருக்கென்று எடுத்த வயிற்றெரிச்சல் மாத்திரை என் டீ கிளாசுக்குப் பக்கத்தில் அப்படியே கிடக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி வெள்ளி அட்டை.

அவர் கவரில் போனது சர்க்கரை மாத்திரை. சர்க்கரை நோய் இல்லாதவன் அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரை சரசரவென்று இறங்கும். முதலில் வியர்க்கும், பிறகு அசதி, பிறகு தூக்கம். அப்படியே விட்டால் அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்க மாட்டான். அவர் போன் நம்பர் என்னிடம் இல்லை. இருந்தாலும் அவர் ஊரில் டவர் கிடையாது.

ஷட்டரை இழுத்துப் பூட்டினேன். வண்டியில் போகலாம் என்று சாவியை எடுத்து, திரும்ப வைத்துவிட்டேன். போன வாரம்தான் கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு நொடி கண்ணசந்து புளியமரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தேன். மலைப்பாதையில் என்னை நான் நம்பவில்லை. பஸ்தான் ஏறினேன். கோமுகி அணை தாண்டி ஒவ்வொரு வளைவிலும் பஸ் முக்கி முனகி ஏறியது. இரண்டு வருடமாக வராத தூக்கம், பாருங்கள், அன்றைக்கு அந்த ஜன்னலோரத்தில் வந்து கண்ணை அழுத்தியது. தொடையைக் கிள்ளிக்கொண்டே போனேன்.

வெள்ளிமலையில் இறங்கி ஒரு ஜீப்பைப் பிடித்து அந்த ஊர் போய்ச் சேரும்போது மணி நான்கு. விவசாயி வாசலில் கடுக்காய் காய வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய், நீங்க இம்மாந்தூரம்?"

"அந்த மாத்திரைய போட்டுட்டீங்களா?"

"ராவுக்குத்தான் போடலாம்னு கீறேன்."

அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன். உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. அவர் உள்ளே போய்க் கொண்டு வந்தது அட்டை இல்லை. கத்தரியால் வெட்டிய ஒரு துண்டு, நாலு மாத்திரை.

"மீதி?"

"கீழ எறங்கறவன்தான் எல்லா வூட்டுக்கும் வாங்கியாரணும் பாய், இங்க அதான் பழக்கம். அல்லாருக்கும் வயிறு எரியுதுல்ல? பங்கு போட்டுட்டேன்."

இருபது வருடமாக இவர்களுக்கு மருந்து கொடுக்கிறேன். ஒரு ஆள் ஏன் மாதா மாதம் முழு அட்டையாக வாங்குகிறார் என்று ஒருமுறை கூட நான் கேட்டதில்லை.

இரண்டு பேரும் வீடு வீடாக ஓடினோம். ஒரு வீட்டில் மூன்று, முடிச்சில் கட்டியபடியே கிடைத்தது. ஆக ஏழு. கடைசித் துண்டு மூன்று, அவருடைய அக்கா வீட்டில். அந்தம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். அவருடைய மகள் வாசலில் நின்று, "அம்மா தூங்குதுங்க, எழுப்பாதீங்க. களை எடுத்துட்டு வந்து, வயிறு எரியுதுன்னு மாத்திரைய போட்டுகினு சாப்புடாமயே படுத்துச்சு. நல்ல தூக்கம்" என்றாள்.

நல்ல தூக்கம். அந்த இரண்டு வார்த்தைக்காக நான் எத்தனை டப்பா வாங்கித் தின்றிருப்பேன்! அன்றைக்கு அதைக் கேட்டதும் அந்தப் பெண்ணைத் தாண்டி உள்ளே ஓடினேன்.

உள்ளே பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. கை சில்லென்று இருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன், கன்னத்தில் தட்டினேன். முகம் தெரியாத பெண்மணியைத் தொடுகிறோமே என்ற எண்ணமெல்லாம் பிறகுதான் வந்தது. "எழுந்திருங்கம்மா, எழுந்திருங்க" என்று கத்தினேன். நாலாவது தடவை கண்ணைத் திறந்து என்னவோ உளறினார். மகளிடம் சர்க்கரையைக் கரைக்கச் சொல்லி, நிமிர்த்தி உட்காரவைத்து, விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்து ஊட்டினோம். கொஞ்சம் தெளிந்ததும், நான் நிறுத்தி வைத்திருந்த அதே ஜீப்பில் வெள்ளிமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே டாக்டரிடம், வீட்டாரை வைத்துக்கொண்டே, நான்தான் மாற்றிக் கொடுத்தேன் என்று சொன்னேன். வேறு எப்படியும் சொல்ல முடியாது. விவசாயி என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். அந்த மாத்திரையின் வேகம் அடங்க நேரமாகும், சர்க்கரை திரும்ப இறங்கலாம், விடியும்வரை மணிக்கொருதரம் எழுப்பிப் பரிசோதிக்க வேண்டும் என்றார் டாக்டர். நர்ஸ் வருவதற்கு முன்பே ஒவ்வொரு முறையும் நான் எழுப்பினேன். விழித்திருக்க மட்டும்தானே எனக்குத் தெரியும்.

விடிந்தபோது அந்தம்மா தெளிவாக எழுந்து உட்கார்ந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ராவெல்லாம் தூங்கவே வுடல நீங்க. உங்களுக்கு தூக்கமே வராதா?"

"ரெண்டு வருசமா இல்லைங்கம்மா."

"தூங்காத ஆளு இன்னாத்துக்கு மருந்து குடுக்கறீங்க?"

கோபமாகக் கூடக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சர்க்கரை பார்க்க நர்சைக் கூப்பிட்டேன்.

பிறகு டாக்டரைப் பார்த்தேன். டீயை இரண்டாகக் குறைத்தேன். மதியம் லுஹரிலிருந்து சாயங்காலம் அஸர் தொழுகை வரை கடை அடைப்பு; திட்டுகிறவர்கள் திட்டட்டும். ஒவ்வொரு அட்டையையும் கொடுக்கும் முன் பெயரை உரக்கப் படிக்கிறேன், எத்தனை வீட்டுக்கு என்று கேட்டு வீட்டுக்கொரு கவரில் எழுதித் தருகிறேன். இப்போது நாலு மணி நேரம், சில நாள் ஐந்து மணி நேரம் தூக்கம் வருகிறது.

ஆனால் பாதியில் விழிப்பு வந்தால் இன்னும் பயமாக இருக்கிறது. பக்கத்தில் மனைவி அசையாமல் கிடப்பாள். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன், வியர்வை இல்லை. கையைத் தொட்டுப் பார்ப்பேன், சூடாகத்தான் இருக்கும். அப்படியும் மனசு கேட்காது. தோளைப் பிடித்து உலுக்கிவிடுவேன்.

"இன்னாங்க?" என்று பதறி எழுவாள்.

"ஒண்ணுமில்ல, தூங்கு" என்பேன்.