எண்ணெய் தொடாத தலை

வேலைக்குக் கிளம்பும் முன் என் கூந்தலை நானே மோந்து பார்த்துக்கொள்கிறேன். சிரிக்காதீர்கள். பிரான்சில் இந்த ஆய்வகத்துக்கு வந்த நாள் முதல் எண்ணெய் இல்லை, பவுடர் இல்லை, வாசனை சோப்பும் இல்லை. பழகாத வாசனை வந்தால் சுண்டெலி பயந்துவிடும். பயந்தால் அதன் மூளையில் புது செல் முளைப்பது குறைந்துபோகும். அந்த முளைப்பை அளப்பதுதான் என் பிழைப்பு. வளர்ந்த எலிக்கு ஊசியில் ஒரு மருந்து ஏற்றுவோம். அப்போது பிறக்கிற செல்லில் மட்டும் அது ஒட்டிக்கொள்ளும். சில வாரம் கழித்து மூளையை மெல்லிசாகச் சீவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் புதியவை பச்சையாக மின்னும். அதுவரை தினமும் ஒரே ஆள்தான் எலிகளைக் கையில் எடுத்துப் பழக்க வேண்டும். எங்கள் அறையில் அந்த ஆள் நான்.

பாகூரில் அப்பா நெல்லும் கரும்பும் வைப்பவர். வயலில் கிட்டி வைத்து எலி பிடித்தே அலுத்தவர். "இங்க நான் எலிய சாவடிக்கிறன், நீ அங்க போயி அதுக்குச் சோறு போட்டு வளக்கிறியா?" என்று போனில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆடியில் அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றது. ஆய்வு கார்த்திகையில் முடியும்; முடிந்ததும் ஊருக்குப் போக டிக்கெட் போட்டேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் அக்கா கூப்பிட்டாள். "ஏய், அப்பா பேசிச்சிடி! உன் போட்டோவப் பாத்து, எண்ண வச்சாளான்னு கேட்டுச்சி."

அம்மா போனபின் தீபாவளி விடியலில் எங்கள் இருவர் உச்சந்தலையிலும் எண்ணெய் வைத்தவர் அவர்தான். அவரே கேட்டபிறகு வைக்காமல் இருப்பேனா? தமிழ்க் கடையில் நல்லெண்ணெய் வாங்கி, ஊறவிட்டு, சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டுப் போனேன். கூண்டில் எலிகள் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டன. கிட்டப் போனாலே கீச்சிட்டன. எங்கள் தலைவி மதாம் கிளேர் மூக்கைச் சுளித்தார். "பண்டிகை" என்றேன். "அதனாலென்ன, குளித்துவிட்டு வந்திருக்கலாமே" என்றார். குளித்ததுதான் வினை என்று பிரெஞ்சில் சொல்லத் தெரியவில்லை.

அந்த எலிகள் மொத்தத்தையும் ஆய்விலிருந்து நீக்கினார்கள். புது எலிகள், புது ஊசி, எல்லாம் முதலிலிருந்து. நடுவில் விட்டுப் போனால் வேலை போகும், வேலையோடு விசாவும் போகும். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு அழுதேன். கிட்டியில் மாட்டிக்கொண்டது நான்தான்.

அக்காவிடம் சொன்னபோது அவள் கத்தவில்லை. "நீ அதத்தானே படிக்கிற? அப்பா மூளையில புதுசா மொளைக்குமாடி?" என்று கேட்டாள்.

"எலிக்கு மொளைக்குதுக்கா. மனுசனுக்கு மொளைக்குமான்னு இன்னும் சண்ட போட்டுக்கினு இருக்காங்க."

"எலிய வுட்டுட்டு வூட்டுக்கு வாடி. ரெண்டு வார்த்த பேசறப்பவே வந்து பாத்துக்கோ."

இன்று காலை அப்பாவே வீடியோ போனில் வந்தார். கோணிய வாயால் ஒவ்வொரு எழுத்தாக இழுத்துக் கேட்டார்: "எண்ண... வச்சியா?"

"வச்சேம்பா" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. என் உச்சந்தலையைத் தடவக் கையை நீட்டினார். விரல் கேமராவை மறைத்ததில் என் திரை இருண்டது. அப்படியே வெகுநேரம் வைத்திருந்தார். நானும் தலை குனிந்தபடியே நின்றேன்.

பிறகு அலமாரியில் இருந்த நல்லெண்ணெய்ப் புட்டியைத் திறந்து மோந்தேன். இறுக மூடினேன். வாசனையில்லாத சோப்பால் இரண்டு முறை கை கழுவிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். கூண்டுக்குள் கையை விட்டதும் ஓர் எலி வந்து மோந்து பார்த்தது. பழகிய கைதான் என்று ஏறி உட்கார்ந்துகொண்டது.